கோயில் நிலத்துக்கு யாரிடம் போவது? சுங்கை பூலோவின் இரண்டு வாக்குகள்

சுங்கை பூலோ - கோயில் நிலத்துக்குப் பட்டா கேட்டு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போவோர் உண்டு. அவர் கடிதம் கொடுக்கலாம்; நிலம் கொடுக்க வேண்டியது மாநில அரசு.

2018-இல் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் வாக்களித்ததால் இந்த வேறுபாடு பலர் கண்ணில் படவில்லை. 2022 பொதுத் தேர்தலின்போது சிலாங்கூர் சட்டமன்றம் கலைக்கப்படவில்லை. மாநிலத் தேர்தல் 2023 ஆகஸ்டு 12-இல் தனியாக நடந்தது.

சுங்கை பூலோ நாடாளுமன்றத் தொகுதிக்குள் பாயா ஜெராஸ், கோத்தா டாமான்சாரா என இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். 2022 நவம்பரில் கைரி ஜமாலுடினை 2,693 வாக்குகளில் தோற்கடித்து ஹராப்பானின் ரமணனை அனுப்பிய அதே வட்டாரம், ஒன்பதே மாதத்தில் பாயா ஜெராஸை பாஸ் கட்சிக்குக் கொடுத்தது. கோத்தா டாமான்சாரா பிகேஆர் வசமானது. மொத்தம் 56 இடங்களில் ஹராப்பான்-தேசிய முன்னணிக்கு 34, பெரிக்காத்தானுக்கு 22.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர், மருத்துவமனை, குடியுரிமை எல்லாம் கூட்டரசு விவகாரம். நிலமும் ஊராட்சி மன்றமும் மாநிலத்தினுடையவை. கடை லைசென்சும் வீட்டு முன்னால் அடைத்துக்கொண்ட சாக்கடையும்கூட அதில் அடக்கம். ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ஊராட்சி மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.