உங்க ரீசார்ஜ் காசுல காட்டுக்குள்ள ஒரு டிஷ்! சாட்டிலைட் இன்டர்நெட்டுக்குப் பணம் எங்கிருந்து வருது?

சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கிற இடம் சீவலப்பேரி. அங்கே நின்னு ஒரு ரீல்ஸ் போடணும்னா உங்களுக்குப் பெரிய கஷ்டம் இருக்காது. திருநெல்வேலி டவுன் பக்கம்தான். டவர் இருக்கு, கேபிள் இருக்கு. ஆனா அதே தாமிரபரணியை எதிர்த்து மேற்கே போய்க்கிட்டே இருங்க. பாபநாசம் தாண்டி, காரையாறு அணை தாண்டி, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ளே இஞ்சிக்குழி வரும். காணி மக்கள் வாழும் குடியிருப்பு. அணையின் நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து, காட்டுவழியில் நடந்துதான் போகணும்.

ஒரே ஆறு. ஆனா இரண்டு கரையிலும் இரண்டு உலகம்!

இப்படிப்பட்ட ஊர்களுக்கு இணையம் கொண்டுபோக சாட்டிலைட்தான் வழின்னு எல்லாரும் சொல்றாங்க. சரி, அதுக்கு யார் பணம் கொடுப்பாங்க? பதில் கேட்டா ஆச்சர்யப்படுவீங்க. ஏற்கெனவே நீங்களும் கொடுத்துக்கிட்டுதான் இருக்கீங்க.

டவர் ஏன் வராது?

ஒரு செல்போன் டவருக்கு மின்சாரம் வேணும், ஜெனரேட்டர் போகப் பாதை வேணும், பின்னணியில் ஃபைபர் கேபிளோ மைக்ரோவேவ் இணைப்போ வேணும். காப்பகத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதியும் வேணும். இத்தனையும் செஞ்சு முடிச்சாலும், சில டஜன் குடும்பங்களோட ரீசார்ஜை நம்பி எந்த கம்பெனியும் கணக்கை நேர் செய்ய முடியாது. தீவுகளிலும் இதே கதைதான். அங்கே காட்டுக்குப் பதிலா கடல்.

சாட்டிலைட்டுக்கு இந்தத் தடைகள் இல்லை. வானம் தெரிகிற இடத்தில் ஒரு டிஷ், ஒரு சோலார் பேனல், ஒரு வைஃபை கருவி இருந்தால் போதும்.

ஆனா எல்லா சாட்டிலைட்டும் ஒண்ணு இல்லை. நம்ம ஜிசாட் ரகங்கள் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. நீங்க 'ஹலோ' சொன்னா அது மேலே போய், கீழே வந்து, பதில் திரும்ப அரை நொடி ஆகிடும். வீடியோ கால்ல கொஞ்சம் எரிச்சல். ஆனா பாடம், வானிலை எச்சரிக்கை, பணப் பரிமாற்றம் எல்லாம் நடக்கும். ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரிலும், ஒன்வெப் 1,200 கிலோமீட்டரிலும் சுற்றுபவை. தாமதம் ரொம்பக் குறைவு. ஆனா அவை ஒரே இடத்தில் நிற்காது என்பதால், நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ பறக்கவிட வேண்டியிருக்கு.

இதில் நம்ம மாவட்டத்துக்கும் பங்கு உண்டு தெரியுமா? 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் தலா 36 ஒன்வெப் செயற்கைக்கோள்களை இஸ்ரோவின் எல்.வி.எம்-3 ராக்கெட் ஏற்றிப்போச்சு. அந்த ராக்கெட்டின் கிரையோஜெனிக் இன்ஜின்கள் சோதிக்கப்படுவது நம்ம மகேந்திரகிரியில்தான். இஞ்சிக்குழி இருக்கிற அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம்!

உங்க 100 ரூபாய்ல 5 ரூபாய்

இப்ப பணக் கதைக்கு வருவோம். 2002 ஏப்ரல் 1 முதல், டெலிகாம் நிறுவனங்கள் தங்களோட சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவிகிதத்தை அரசுக்குக் கட்டணும். லாபம் வராத கிராமங்களுக்கும் தொலைபேசி போகணும் என்பதற்கான நிதி அது. யு.எஸ்.ஓ நிதின்னு பெயர். 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதை 'டிஜிட்டல் பாரத் நிதி' ஆக்கியது; 2024 ஆகஸ்ட்டில் விதிகள் வந்தன. நிறுவனங்களுக்கு வருமானம் எங்கிருந்து? உங்க ரீசார்ஜ்ல இருந்துதானே!

அந்தப் பணம் நேரா கிராமத்துக்குப் போயிடாது. முதல்ல மத்திய அரசின் தொகுப்பு நிதியில் சேரும். நாடாளுமன்றம் ஒதுக்கீடு செஞ்ச பிறகுதான் இந்த நிதிக்கு வரும். வசூலானது முழுசா இந்த நிதிக்கு வந்து சேரலைன்னு சி.ஏ.ஜி பலமுறை சுட்டிக்காட்டியிருக்கு.

வந்த பணத்தைக் கொடுக்கிற முறையும் சுவாரஸ்யமானது. 'இந்த ஊருக்கு சேவை கொடுக்க உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் வரும்? எவ்வளவு மானியம் கொடுத்தா செய்வீங்க?' என்று டெண்டர் விடுவாங்க. குறைவான மானியம் கேட்கிறவருக்கு வேலை. ஏலத்தைத் தலைகீழா நடத்துற மாதிரி.

பாரத்நெட் திட்டமும் இந்த நிதியில்தான் நடக்குது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலை டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கு. ஃபைபர் எட்டாத மலை, காடு, பாலைவனம் என்று நாடு முழுக்க 5,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு சாட்டிலைட் வழின்னு திட்டமிட்டாங்க.

சாட்டிலைட்டா, கேபிளா?

லட்சத்தீவு நல்ல உதாரணம். ரொம்ப காலம் அங்கே இணையம்னா சாட்டிலைட் மட்டும்தான். யு.எஸ்.ஓ நிதி மூலம் அதன் கொள்ளளவை 318 எம்.பி.பி.எஸ்-லிருந்து 1.71 ஜி.பி.பி.எஸ் ஆக உயர்த்தினாங்க. ஒரு யூனியன் பிரதேசம் முழுக்க பங்குபோட வேண்டிய அளவு அது! பிறகு அதே நிதியில், கொச்சியிலிருந்து கடலுக்கடியில் 1,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கேபிள் போட்டாங்க. 2024 ஜனவரி 3-ல் தொடங்கிவைக்கப்பட்டபோது, 1.7-லிருந்து 200 ஜி.பி.பி.எஸ்-ஸுக்குத் தாவியது. அந்தமானுக்கும் 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போய்ச் சேர்ந்தது. செலவு 1,224 கோடி.

அப்போ சாட்டிலைட் வேஸ்ட்டா? இல்லைங்க. 2022 ஜனவரியில் டோங்கா தீவுக்குப் பக்கத்தில் எரிமலை வெடிச்சு கடலடி கேபிள் அறுந்துபோச்சு. சரிசெய்ய சுமார் ஐந்து வாரம் ஆச்சு. அதுவரை வெளியுலகத் தொடர்புக்கு அந்த நாடு நம்பியது சாட்டிலைட்டைத்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டுச்சு. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்னுபோச்சு. மின்சாரமும் செல்போன் தொடர்பும் பல ஊர்களில் அறுந்தன. 'அம்மா போன் எடுக்கலையே'ன்னு வெளியூரில் தவிச்சவங்க உங்க நண்பர்களிலேயே இருப்பாங்க. ஃபுல் சிக்னல் ஊரும் ஒரே ராத்திரியில் தீவாகிடும்.

டிஷ் வாங்குறது ஈஸி, வாடகை கட்டுறதுதான்...

2004 அக்டோபரில் இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய மூன்று ஊர்களில் சாட்டிலைட் வழியே இயங்கும் கிராம வள மையங்களைத் தொடங்கின. தங்கச்சிமடம் இருப்பது பாம்பன் தீவில். இதே மாதிரி நாடு முழுக்க நானூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் வந்தன. தொலைமருத்துவம், விவசாய ஆலோசனை, கடல் வானிலை... யோசனை அருமை.

ஆனா இப்படிப்பட்ட எந்தத் திட்டத்துக்கும் உண்மையான சோதனை திறப்புவிழாவுக்கு அப்புறம்தான் வரும். கருவிக்கான பணம் ஒருதடவைச் செலவு. அலைவரிசைக்கான வாடகை மாசா மாசம். பேட்டரி சில வருஷத்தில் தளரும். செயற்கைக்கோளுக்கும் ஆயுசு பத்து, பதினைந்து வருஷம்தான். அது முடிஞ்சா வேற ஒண்ணுக்கு மாறணும். 'தொடங்க' மட்டும் நிதி ஒதுக்கி, 'தொடர' ஒதுக்காத திட்டம் துருப்பிடிச்ச டிஷ்ஷாகத்தான் முடியும்.

ஒரு வழியிலான தகவல் போதாது என்பதும் நாம கற்ற பாடம். 2017 ஒக்கி புயலில், ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரலை. 2019-ல் வந்த 'ஜெமினி' கருவி தகவலைக் கொடுக்கும். ஆனா மீனவர் பதில் அனுப்ப முடியாது. 2024 ஆகஸ்ட்டில் தொடங்கின திட்டம் இருவழி. சுமார் 360 கோடி ரூபாயில் 1 லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர். ஒரு படகுக்குக் கணக்குப் போட்டா சுமார் 36,000 ரூபாய். ஒரு நல்ல ஸ்மார்ட்போன் விலை!

அடுத்து என்ன?

2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் உரிமம் கிடைச்சது. ஒன்வெப்பும் ஜியோவும் அதுக்கு முன்னாடியே வாங்கிட்டாங்க. 2025 மே மாதம் டிராய் கொடுத்த பரிந்துரையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. தாழ்வட்ட சாட்டிலைட் நிறுவனங்கள் வருவாயில் 4 சதவிகிதம் கட்டணும். அதோடு நகரத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலா கட்டணும். கிராமத்து வாடிக்கையாளருக்கு அந்தக் கூடுதல் இல்லை. தொலைதூர மக்களுக்குக் கருவி வாங்க அரசு மானியம் தருவதையும் பரிசீலிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. நகரம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து கிராமத்தைத் தாங்குற அதே பழைய கணக்குதான்.

ஆக, இது யாரோ போடுற தர்மம் இல்லை. நாம கட்டின காசு. அதனால கேள்வி கேட்கிற உரிமையும் நமக்கு இருக்கு. உங்க ஊருக்கோ, உங்களுக்குத் தெரிஞ்ச மலைக் குடியிருப்புக்கோ 'சாட்டிலைட் இன்டர்நெட் வருது'ன்னு யாராவது சொன்னா, கிராம சபையில் இந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்க:

1. மாத வாடகையை யார் கட்டுறாங்க? எத்தனை வருஷத்துக்கு?

2. கரன்ட் போனா எத்தனை மணி நேரம் தாங்கும்?

3. பழுதானா யாரைக் கூப்பிடணும்? ஊரிலேயே ஒருத்தருக்குப் பயிற்சி உண்டா?

4. வைஃபை பாஸ்வேர்டு யார் கையில்? பள்ளிப் பிள்ளைகளும் பெண்களும் தயங்காமல் வந்து உட்காரும் இடத்தில்தான் அது இருக்குதா?

நாலுக்கும் பதில் இருந்தா, அந்த டிஷ் அடுத்த மழைக்காலத்தையும் தாண்டி நிற்கும்.