கித்தாவில் மின்சாரம் ஓடுமா?

மின்கம்பியில் வேலை செய்பவர் நம்பிப் போடும் கையுறை கித்தா. அதில் மின்சாரம் ஓடாது. அதே கித்தாவில் மின்சாரத்தை ஓடவைக்கும் ஆராய்ச்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. சாஆ, செகாமட் வட்டாரத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி.

எதற்கு இந்த வேலை? பெட்ரோல் குழாயிலும் சுரங்கத்துக் கன்வேயர் பட்டையிலும் உராய்வால் மின்னூட்டம் சேரும். அது இறங்க வழியில்லை என்றால் பொறி பறக்கும், தீப்பிடிக்கும். இதற்கும், தேயாத வலுவுக்கும், நூறாண்டுக்கு மேலாகக் கித்தாவில் கரித்தூள் கலக்கிறார்கள். டயர் கறுப்பாக இருப்பது அதனால்தான். ஆனால் 100 பங்கு கித்தாவுக்கு 50 பங்கு அளவில்கூடக் கரி போட வேண்டியிருக்கும். பண்டம் கனக்கும், இளக்கம் குறையும்.

கரித்தூளுக்கு மாற்றாக ஆராயப்படுவது கிராஃபீன். அது ஒரே ஓர் அணு தடிமனுள்ள கரி ஏடு. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டிலிருந்து இதை 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் பிரித்தெடுத்தார்கள். 2010இல் நோபல் பரிசு பெற்றார்கள். எஃகைவிடப் பல மடங்கு உறுதி, மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். சிக்கல் ஒன்றுதான்: ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்த கித்தாவில் போட்டு உருளையில் அரைத்தால் கட்டிகட்டியாக நிற்கும். கட்டி இருக்கும் இடத்தில்தான் கித்தா முதலில் கிழியும்.

இங்கேதான் பாலுக்கு மதிப்பு. மரத்திலிருந்து வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் கித்தா, மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். ஆக்சிஜன் ஏற்றிய கிராஃபீன் தண்ணீரில் அழகாகப் பிரிந்து நிற்கும். அதைப் பாலில் கலக்கி, ஆக்சிஜனை நீக்கி, ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்தால், ஏடுகள் கித்தாத் துகள்களைச் சுற்றி, செங்கல்லுக்கு இடையில் சாந்து போல, ஒரே தொடராக அமர்கின்றன. அந்தத் தொடர் வழியே மின்சாரம் ஓடும். கன அளவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான கிராஃபீனே இதற்குப் போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் அந்தக் கித்தாவை மறுபடி உருளையில் அரைத்தால் தொடர் அறுந்து கடத்துதிறன் விழுந்துவிடும். அதே சமயம், ஏடுகள் சீராகப் பரவுவதால் வலு கூடலாம். என்ன பண்டம் செய்யப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

டப்ளின் ஆய்வாளர்கள் 2014இல் கடையில் விற்கும் ரப்பர் வளையத்தில் கிராஃபீனை ஏற்றி, அதை உடலில் கட்டி மூச்சையும் நாடியையும் அளந்தார்கள். வளையம் இழுபடும்போது மின்தடை மாறும். அந்த மாற்றம்தான் அளவு. அதே ஆண்டு மலேசியா அறிவித்த தேசிய கிராஃபீன் திட்டமும் ஐந்து துறைகளில் ஒன்றாகக் கித்தாவைச் சேர்த்தது.

கட்டியாக்கி ஏற்றுமதி செய்த கித்தாவில் இந்த வேலை கடினம். பால் பாலாக இருக்கும் இடத்தில் எளிது. அந்த இடம் நம்முடையது. ஜொகூர்த் தோட்டங்களில் நம் முன்னோர் இத்தனை காலம் வெட்டிக் கொடுத்தது மூலப்பொருள் மட்டுமே. ஆறாம் படிவத்தில் வேதியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், கித்தாவையும் ஒரு துறையாக எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.