சர்க்கரையை மணலாக்கும் இலை

வேலியோரப் புதர்களில் சுற்றிப் படரும் கொடி, சிறுகுறிஞ்சான். இதன் இலை இரண்டை நன்றாக மென்றபின் ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டால் மணலை மெல்வது போலிருக்கும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைப் பிடித்துக்கொள்வதே காரணம். அரை மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பு மெல்லத் திரும்பும். ஆனால், சுவை தெரியாமல் விழுங்கிய சர்க்கரையும் ரத்தத்தில் சேரத்தான் செய்யும்!

சிறிய ஆய்வுகள் சிலவற்றில் இந்த இலையை உட்கொண்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஓரளவு குறைந்ததுண்டு. நீரிழிவு மாத்திரையை நிறுத்துமளவுக்கு அது சான்றல்ல. மாத்திரையோடு இந்த இலையின் பொடியும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கும் நேயர்களே, முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.