மறுநாளைக்கு வராத மனா

சீட்டாட்டம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் ஆகாது. ரம்மியில் காணி நிலத்தைக் கோட்டைவிட்ட ஒரு பெரியப்பாவின் கதையைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆகவே சென்ற கோடை விடுமுறையில் என் மகன் ஒரு கட்டுச் சீட்டை எடுத்து வந்து, "அப்பா, ஒரு ஆட்டம் ஆடலாம், வாங்க" என்று கூப்பிட்டதும் முகத்தைச் சுளித்தேன். ஆனால் அந்தக் கட்டில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. மந்திரவாதிகளும், பூதங்களும், சிறகு முளைத்த நாகங்களுமாக இருந்தன. பெயர் 'மேஜிக்: தி கேதரிங்'. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் அமைத்து 1993-இல் வெளிவந்த ஆட்டம் என்றான். கணிதம் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தேன்.

ஆளுக்கு 60 சீட்டுகளாவது கொண்ட ஒரு கட்டு, 20 உயிர்ப்புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது நோக்கம். பூதத்தை இறக்கவும் மந்திரம் போடவும் 'மனா' என்னும் சக்தி வேண்டும். மனாவைத் தருபவை நிலச் சீட்டுகள். ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் கையிலிருந்து இறக்கலாம். சமவெளி வெள்ளை மனா தரும். தீவு நீலம், சதுப்பு நிலம் கறுப்பு, மலை சிவப்பு, காடு பச்சை. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நாலும் சரியா இருக்குடா. பாலைக்குப் பதிலா சேத்தையா வச்சிருக்கான்?" என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் மலைச் சீட்டுக்குக் குறிஞ்சி என்றே பெயர்.

முதல் ஏழு ஆட்டங்களிலும் தோற்றேன். காரணம் என் சேமிப்புப் புத்தி. மாதச் சம்பளக்காரன் அல்லவா? நான்கு நிலங்களையும் பக்கவாட்டில் திருப்பி நான்கு மனா எடுத்தேன். இரண்டைச் செலவழித்துவிட்டு, "மீதி இரண்டு அடுத்த தடவைக்கு இருக்கட்டும்" என்றேன். பையன் சிரித்தான். "அது இருக்காதுப்பா. இந்தக் கட்டம் முடிஞ்சதும் காலியாயிடும்."

இதுதான் முதல் பாடம். ஆட்டத்தில் ஒவ்வொருவர் முறையும் பல கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் எடுத்த மனா அந்தக் கட்டத்தோடு சரி. நாளைக்கு என்ன, அடுத்த கட்டத்துக்கே வராது. 2009 வரை இன்னும் கடுமையான விதி ஒன்று இருந்தது. செலவழிக்காமல் மிஞ்சிய ஒவ்வொரு மனாவுக்கும் ஓர் உயிர்ப்புள்ளி குறையும். அந்த ஆண்டு அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் மனா வீணாவது மட்டும் மாறவில்லை. கெட்டிக்காரர்கள் தேவைக்கு மேல் நிலத்தைத் திருப்புவதில்லை. திருப்பாத நிலம் எதிராளியின் முறையில்கூட உடனடி மந்திரத்துக்குக் கைகொடுக்கும். மனாவைச் சேமிக்க முடியாது; எடுக்காமல் காத்திருக்க மட்டும் முடியும்.

சேமிக்கவே வழியில்லையா என்று கேட்டேன். உண்டு, ஆனால் கூலி கொடுக்க வேண்டும். 1994-இல் வந்த 'ஃபாலன் எம்பயர்ஸ்' தொகுப்பில் சில சேமிப்பு நிலங்கள் இருந்தன. 'சாண்ட் சைலோஸ்' அவற்றில் ஒன்று. திருப்பிய நிலையிலேயே களத்துக்கு வரும். அதை நிமிர்த்தாமல் விட்டுவைத்தால், உங்கள் முறை தொடங்கும்போதெல்லாம் அதன்மேல் ஒரு சேமிப்பு வில்லை ஏறும். பிறகு ஒரு முறை நிமிர்த்திக்கொண்டு, எத்தனை வில்லையை எடுக்கிறீர்களோ அத்தனை நீல மனா பெறலாம். அதுவரை அந்த நிலத்தால் காலணாப் பயன் இல்லை. இடையில் எதிராளி அதை அழித்தால் சேர்த்ததெல்லாம் அதோடு போகும். குழாயடியில் டிரம் நிரம்பக் காத்துக்கொண்டு, அதுவரை குளிக்காமல் இருப்பதைப் போல. பொறுமையும் ஆபத்தும்தான் அதன் விலை.

மூன்றாவது வகைதான் வேடிக்கை. 2016-இல் 'கலதேஷ்' என்றொரு தொகுப்பு வந்தது. பெயரைப் பார்த்தாலே தெரியும், நம் இந்தியாவின் சாயலில் கற்பனை செய்த உலகம். (அந்த உலகத்தின் பெயரை 2025-இல் 'அவிஷ்கார்' என்று மாற்றிவிட்டார்கள்.) அதில் 'எனர்ஜி' என்னும் வில்லைகள் அறிமுகமாயின. இவை எந்தச் சீட்டின் மேலும் ஏறுவதில்லை, ஆடுபவரின் கணக்கிலேயே சேரும். கட்டம் முடிந்தாலும் முறை முடிந்தாலும் கரையாது. சீட்டை அழித்தாலும் வில்லை போகாது. எதிராளி அதில் கைவைக்க வழியே இல்லை என்று சொல்லலாம்.

இதன் விளைவை மகன் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். முதல் முறையில் 'அட்யூன் வித் ஈதர்': ஒரு மனா செலவில் ஒரு நிலத்தைத் தேடிக் கையில் தரும், கூடவே 2 வில்லை. இரண்டாம் முறையில் 'ஈதர் ஹப்' என்ற நிலம்: 1 வில்லை. மூன்றாம் முறையில் 'ரோக் ரிஃபைனர்': மூன்று மனாவுக்கு ஓர் ஆள், புதிதாக ஒரு சீட்டு, 2 வில்லை. நான்காம் முறையில் இன்னொரு ஈதர் ஹப்: 1. ஆக 6. அதே முறையில் நான்கு மனா கொடுத்து 'ஈதர்வொர்க்ஸ் மார்வல்' இயந்திரத்தை இறக்கி, ஆறு வில்லையையும் அதில் போட்டால், கட்டின் மேலுள்ள ஆறு சீட்டுகளைப் பார்த்து ஒன்றை விலையின்றி ஆடலாம். அதிர்ஷ்டம் இருந்தால் பத்து மனா விலையுள்ள 'உலாமோக்' என்ற பேருருவம் நான்காம் முறையிலேயே வந்து நிற்கும்!

தவறு எங்கே? அந்தச் சீட்டுகள் வில்லை இல்லாமலே ஏறக்குறைய கொடுத்த விலைக்குத் தகுந்தவை. சேமிப்பு இலவச இணைப்பாக வந்துவிட்டது. கூலியும் இல்லை, ஆபத்தும் இல்லை. ஆட்டத்தின் சமநிலை குலைந்தது. 'ஸ்டாண்டர்ட்' எனப்படும் போட்டிப் பிரிவில் 2017 ஜூனில் மார்வலையும், 2018 ஜனவரியில் அட்யூனையும் ரிஃபைனரையும் தடைசெய்தார்கள். 2024-இல் எனர்ஜி வேறொரு தொகுப்பில் மீண்டும் வந்தது.

மகனுக்கு இதை நான் என் பாஷையில் திருப்பிச் சொன்னேன். "புரிஞ்சுபோச்சு. மனாங்கறது சி.எல். மாதிரி. டிசம்பர் 31-க்குள்ள எடுக்கலைன்னா போச்சு. எனர்ஜிங்கறது இ.எல். மாதிரி. சேர்ந்துகிட்டே இருக்கும்." மத்திய அரசு ஊழியர்களுக்கு இ.எல். 300 நாள் வரை சேரும், ஓய்வு பெறும்போது காசாகும் என்பதையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

"உங்ககிட்ட எவ்வளவு சேர்ந்திருக்குப்பா?"

"முந்நூறும் இருக்கு." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்ப போன லீவுல கேட்டப்போ ஏன் லீவு இல்லைன்னீங்க?"

என்னிடம் பதில் இல்லை. போன கோடையில் "அடுத்த லீவுல ஆடலாம்" என்றும், அதற்கு முந்தைய கோடையிலும் அதையே சொன்னதும் நினைவுக்கு வந்தன. என் விடுப்பு கணக்கில் பத்திரமாக இருக்கிறது. அவனுடைய பதினோராவது வயதும் பன்னிரண்டாவது வயதும் எந்தக் கணக்கிலும் இல்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் பத்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். எட்டாவது ஆட்டத்திலும் தோற்றேன். ஒன்பதாவதில், எடுத்த மனாவில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் ஆடி, ஜெயித்தேன்.