சாதன ரிஜிஸ்தர்களில் பிட் வரிசை

கம்ப்யூட்டருடன் இணைக்கப்பெறும் சாதனங்களில் ரிஜிஸ்தர் எனப்படும் சிறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் 8, 16 அல்லது 32 பிட்டுகள் கொண்டது. ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1 என நிற்கும். கெர்னலைச் சேர்ந்த டிரைவர் என்னும் நிரல், இப்பிட்டுகளைப் படித்தும் மாற்றியுமே சாதனத்தை இயக்குகிறது.

சீரியல் இணைப்புக்கு உரிய 16550 என்னும் சில்லு இதற்கு நல்ல உதாரணம். அளவைக் கருவிகள் பல சீரியல் கம்பி வழியே தகவல் அனுப்புவதால் களப் பணியாளர்க்கு இது புதியதன்று. அதன் கட்டுப்பாட்டு ரிஜிஸ்தர் ஒன்றில் 8 பிட்டுகள் உள்ளன. வலக்கோடியிலிருந்து 0 முதல் 7 வரை அவற்றை எண்ணுவர். 0, 1 ஆகியவை ஓர் எழுத்துக்குரிய பிட்டுகளின் தொகையைக் குறிக்கும். இரண்டும் 1 ஆயின் அத்தொகை 8. 2ஆம் பிட் நிறுத்தக் குறியையும், 3 முதல் 5 வரையுள்ளவை பாரிட்டி என்னும் பிழைச் சோதனையையும் சார்ந்தவை. 6ஆம் பிட் 1 ஆயின் கம்பியில் ‘பிரேக்’ நிலை உண்டாகும். 7ஆம் பிட் 1 ஆயின் தகவலுக்குரிய முகவரியில் வேகத்தை நிர்ணயிக்கும் வகுஎண் வந்து நிற்கும். பாரிட்டியின்றி, எழுத்துக்கு 8 பிட், ஒரு நிறுத்தக் குறி என அமைப்பதற்கு இதில் 3 என்னும் எண்ணை எழுதினால் போதும்.

டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய சி மொழியில், இப்பகுதிகளுக்குப் பெயரிட்டுக் கையாளும் ‘பிட் ஃபீல்டு’ வசதி உண்டு. படிப்பதற்கு அழகானதுதான். ஆயின், முதற் பகுதியை எக்கோடியில் வைப்பது என்பதை மொழியின் விதிகள் கம்பைலரின் விருப்பத்திற்கே விட்டுவிட்டன. வலக்கோடியில் தொடங்கும் கம்பைலர் 00000011, அதாவது 3, என எழுதும். இடக்கோடியில் தொடங்குவதோ 11000000, அதாவது 192, என எழுதும். அப்போது 6, 7ஆம் பிட்டுகள் இரண்டும் 1 ஆகி, கம்பி ‘பிரேக்’ நிலையில் நின்றுவிடும். எழுத்துகள் வகுஎண்ணின் இடத்தில் போய் விழும். ஒரே நிரல் ஒரு யந்திரத்தில் ஒழுங்காக இயங்க, மற்றொன்றில் கருவி ஊமையாகிறது. கம்பைலர் பிழை ஏதும் காட்டுவதில்லை. (‘லிட்டில் எண்டியன்’, ‘பிக் எண்டியன்’ என்னும் பெயர்கள், முட்டையை எம்முனையில் உடைப்பது என்று சண்டையிடும் மக்களைப் பற்றி ஸ்விப்ட் 1726இல் எழுதிய கதையிலிருந்து டேனி கோஹன் 1980இல் எடுத்தவை.)

இன்னும் நுட்பமான கேடு ஒன்று உண்டு. சில நிலை ரிஜிஸ்தர்களில் 1 எழுதினால் அப்பிட் அழிந்துவிடும். பிட் ஃபீல்டில் ஒரு பகுதியை மாற்றும்போது கம்பைலர் முழு ரிஜிஸ்தரையும் படித்து, ஒன்றை மாற்றித் திரும்ப எழுதும். ஏற்கெனவே 1 ஆக நின்ற பிற குறிகளும் அதனால் கவனிக்கப்படாமலே அழியும்.

எனவே டிரைவர் எழுதுவோர் ரிஜிஸ்தரை ஒரு முழு எண்ணாகவே கொள்வர். வேண்டிய பிட்டுகளில் மட்டும் 1 உள்ள எண் ‘மாஸ்க்’ எனப்படும். அதனால் பகுதியைப் பிரித்தெடுத்து, வேண்டிய இடத்திற்கு நகர்த்துவர். இடப்புறம் ஓரிடம் நகர்த்துதல் இருமடங்காக்குதலே. பள்ளிக் கணக்கின் இடமதிப்பு போன்ற இது எந்த யந்திரத்திலும் மாறாது. 7 பிட் எழுத்தும் இரட்டைப் பாரிட்டியும் வேண்டின் 2, 8, 16 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகிய 26 எங்கும் 26தான். லினக்ஸ் கெர்னல் 2016இல் இதற்கெனச் சேர்த்த ‘ஃபீல்டு பிரெப்’, ‘ஃபீல்டு கெட்’ என்னும் சாதனங்கள், மாறிலி எண் ஒன்று மாஸ்கில் அடங்காவிடின் தொகுக்கும்போதே பிழையென நிறுத்தும்.

32 பிட் ரிஜிஸ்தர்களில் பைட்டுகளின் வரிசையும் வேறுபடக்கூடும். அதனை மாஸ்க் தீர்க்காது. ‘ரீட்எல்’, ‘ரைட்எல்’ என்னும் கெர்னல் செயல்கள், சாதனம் லிட்டில் எண்டியன் எனக் கொண்டு, தேவையான இடத்தில் பைட்டுகளை மாற்றித் தருகின்றன.