கூப்பிட்டால் வராத மூஸ்

"மாடா, மானா? ஒரு முடிவாச் சொல்லுடா" என்றாள் அம்மா போனில். மான்தான் என்றேன். ஆனால் இங்கே ஆணைக் காளை என்கிறார்கள், பெண்ணைப் பசு என்கிறார்கள், குட்டியைக் கன்று என்கிறார்கள். அம்மா குழம்பியதில் தப்பே இல்லை. 'கடமான்' என்று சிலர் தமிழில் எழுதுகிறார்கள். அது நம் மலைக்காட்டு மிளா, மூஸ் வேறு. வளர்ந்த ஆண் மூஸ் 450 கிலோவைத் தொடும். மூஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

நான் இருப்பது கனடாவின் கிழக்குக் கோடி, நியூஃபவுண்ட்லாந்து தீவு. கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். என்னைப்போலவே மூஸும் இந்தத் தீவுக்கு வெளியூர்தான். 1904இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நான்கைக் கொண்டுவந்து ஹோவ்லி என்ற ஊர்ப்பக்கம் விட்டார்கள். தீவில் இருந்த ஓநாய் இனமும் 1930க்குள் அற்றுப்போனது. இன்று மூஸ் லட்சத்துக்கும் மேல். ராத்திரியில் கார் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் பெரிய பயம். கால் அவ்வளவு நீளம். கார் மோதினால் மொத்த உடம்பும் முன்கண்ணாடி மேல் வந்து விழும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மரம் வெட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர்களை 'ஸ்கிப்பர்' என்பது இங்கே மரியாதை. அவருக்கு நான் 'மீ சன்', அதாவது மகனே. போன வருஷம் குலுக்கலில் அவருக்கு மூஸ் வேட்டை லைசென்ஸ் விழுந்தது, ஆண் மூஸ் மட்டும் என்ற நிபந்தனையோடு. துப்பாக்கி அவருடையது, சுமக்கிற முதுகு என்னுடையது என்று பேச்சு.

நவம்பர் பாதி ஆகியும் அவர் கிளம்பவில்லை. செப்டம்பர் கடைசியிலேயே போயிருக்கலாமே என்று கேட்டேன். அது இணைசேரும் பருவம். பசு மூஸ் முனகுவதுபோல மூக்கால் ஒரு குரல் கொடுத்தால் காளை புதரை முறித்துக்கொண்டு வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். "அப்ப அதுக்குப் புத்தி கிடையாது, மீ சன். கறியும் மூத்திர நாத்தம் அடிக்கும்" என்றார். சும்மா சொல்லவில்லை. அந்த மூன்று வாரமும் காளை சரியாகத் தின்பதில்லை. மண்ணைக் கிளறிக் குழி பறித்து, அதில் மூத்திரம் பெய்து, அதிலேயே புரளும். மற்றக் காளைகளோடு கொம்பு கோத்துச் சண்டை போடும். பருவம் முடியும்போது உடம்பு எடையில் ஆறில் ஒரு பங்குவரை போயிருக்கும்.

அதன்பிறகு அது வேறு ஆள். இளைத்து, காயம்பட்டு, பசியோடு அடர்ந்த ஃபர் மரக்கூட்டத்துக்குள் புகுந்துகொள்ளும். நாலு அடி நடக்கும், கிளைநுனியைத் தின்னும், படுக்கும். குரல் கொடுத்தால் காதை அசைக்கும், அவ்வளவுதான். குளிர்காலத்துக்குள் தேறினால்தான் அது பிழைக்கும். டிசம்பரில் பெரிய காளைகளுக்குக் கொம்பும் விழ ஆரம்பித்துவிடும். கொம்பில்லாவிட்டால் தூரத்திலிருந்து ஆணா பெண்ணா தெரியாது; ஸ்கிப்பரின் லைசென்ஸுக்கு அது ஆகாது. இருந்த அவகாசம் சில வாரங்கள்தான்.

முதல் நாளை நான் கெடுத்தேன். கடையில் வாங்கிய புது நைலான் கோட்டு. கிளை உரசும்போதெல்லாம் சர்ர் சர்ர். மதியம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ வர்றது அதுக்கு நேத்தே தெரிஞ்சிருக்கும்" என்றார். மறுநாள் காலை அவருடைய பழைய கம்பளிக் கோட்டைக் கொடுத்தார். முழங்கையில் பூச்சி அரித்த ஓட்டை, உள்ளே புகையிலை வாசம். அதை மாட்டிக்கொண்டு நடந்தால் சத்தமே இல்லை.

அன்று புதுப்பனி. கணுக்கால் ஆழத்தில் குளம்புத் தடம், சற்றுத் தள்ளி அது படுத்து எழுந்த குழி. குழியின் நட்டநடுவில் மஞ்சள் கறை. ஸ்கிப்பர் கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார், இன்னும் உறையவில்லை. எழுந்து நின்று பெய்தது நடுவில் விழுந்திருந்தால் காளை, பின்னால் விழுந்திருந்தால் பசு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

தடத்தின் மேலேயே போகப் பார்த்தேன். தோளைப் பிடித்து நிறுத்தினார். மூஸ் படுக்கும் முன் காற்று போகும் பக்கமாக வளைந்து, வந்த வழியைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். தடத்தைப் பிடித்துப் போகிறவனின் வாசனை நேரே அதன் மூக்குக்குப் போய்ச் சேரும். அதனால் தடத்தை விட்டு, காற்று போகும் பக்கம் விலகி, அரைவட்டமாகச் சுற்றி மறுபடி தடத்தைத் தொட வேண்டும். தொட்டதும் மறுபடி விலகி அடுத்த அரைவட்டம். வடகனடாவின் பழங்குடி வேட்டைக்காரர்கள் கைக்கொண்ட வழி இது. எந்தச் சுற்றில் தடம் எதிர்ப்படவில்லையோ, அந்தச் சுற்றுக்குள்தான் மூஸ் இருக்கிறது. பிறகு இன்னும் சின்னச் சுற்று, திரும்பி வந்தபடி.

நான்காவது சுற்றில் தடம் இல்லை. ஸ்கிப்பர் இருபது நிமிஷம் அசையவில்லை. எனக்கு விரல் மரத்துப்போனது. எதிரே கருத்த வேர்க்கட்டை என்று நான் நினைத்திருந்தது காதை ஆட்டியது. அதற்கு மேலே, விரித்த உள்ளங்கைபோல ஒரு கொம்பு. இன்னொன்றின் நுனி ஒடிந்திருந்தது. எழுந்து பக்கவாட்டில் நின்றது. ஒரே வெடி.

அதற்குப் பிறகுதான் வேலையே. பனிதானே, கறி கெடாது என்று நினைக்கக் கூடாது. தடித்த தோலும் பெரிய உடம்பும் சூட்டை உள்ளேயே பிடித்துவைத்திருக்கும். தாமதித்தால் தொடை எலும்பை ஒட்டிய கறி புளித்துப்போகும். வயிற்றைக் கீறியதும் ஆவி முகத்தில் அடித்தது. நாலு கூறாக அறுத்தோம். பின்தொடை ஒன்றே 50 கிலோவுக்கு மேல். இருட்டும்வரை சுமந்தேன். ஓய்வு பெற்றவர் இளைப்பாறினார்.

கொட்டகையில் சில நாள் தொங்கவிட்டு, எங்கள் ஊர்ப் பங்குக்கறி மாதிரியே பிரித்தோம். இதயம், தெருக்கோடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு. மிச்சத்தை உப்புப் பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் சேர்த்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, மணிக்கணக்கில் வேகவைத்து வைப்பது இங்கத்து வழக்கம். நான் என் ஜாடிகளில் கொழுப்புக்குப் பதில் மிளகைத் தட்டிப் போட்டேன்.

கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "அடுத்த நவம்பர்வரை உன் வீட்டிலேயே தொங்கட்டும். இங்கே பூச்சி அதிகம்" என்றார்.