ராட்டினத் திடலில் குடியிருப்போர்

நிலையான கேளிக்கைப் பூங்காக்கள் சென்னையிலும் மேட்டுப்பாளையத்திலும் மதுரைக்கு அருகிலும் இயங்கிவர, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்து மக்கள் பெரும்பாலும் ராட்டினம் ஏறுவது கோயில் திருவிழாக்களை ஒட்டித் திறந்த வெளிகளில் அமைக்கப்படும் தற்காலிகத் திடல்களிலேயே ஆகும். சில நாள்களுக்கு மட்டும் உருவாகிப் பின் கலைந்துவிடும் இத்திடல்களை அமைப்போரும் இயக்குவோரும் வேலை செய்யும் அதே மண்ணில்தான் உண்டு உறங்குகின்றனர். ராட்டினத்தைச் சுமந்துவரும் லாரியே பலருக்கு வீடாகவும் இருக்கிறது. பணியிடமும் வசிப்பிடமும் ஒன்றாகிவிட்ட இவ்வாழ்க்கையைப் பற்றித் திருவிழாவுக்கு வருவோர் எண்ணிப் பார்ப்பது அரிது. அதைவிட வருந்தத்தக்கது, திடலை ஏலம் விடுவோரும் அனுமதி வழங்குவோரும் எண்ணிப் பாராமல் இருப்பதாகும்.

தென் மாவட்டங்களில் இத்தொழிலுக்கு ஆண்டு முழுவதற்குமான ஒரு சுற்று உண்டு. பங்குனியில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பொங்கல் விழாவும் அதனையொட்டிய பொருட்காட்சியும், ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழாவும் வருகின்றன. சித்திரையில் மதுரைப் பெருவிழாவும், அம்மாத இறுதியில் தேனி மாவட்டம் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழாவும், ஆனியில் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் தேரோட்டமும் நிகழ்கின்றன. ஆடி பிறந்ததும் சங்கரன்கோவில் ஆடித்தபசு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டம், சாத்தூருக்கு அருகிலுள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயில் ஆடிக் கடைசி வெள்ளி, தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா என அடுத்தடுத்துக் கூட்டம் கூடுகிறது. குலசேகரன்பட்டினம் தசரா முடிந்தவுடன் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுவதால், ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இரும்புக்கு வண்ணம் பூசவும் பழுது நீக்கவும் உரியனவாக ஒதுங்கிவிடுகின்றன. வருமானம் இல்லாத அம்மாதங்களில் முன்பணம் பெறுவதும், அதை அடுத்த பருவத்துக் கூலியில் கழிப்பதும் இத்தகைய பருவத் தொழில்களில் பழகிப்போன ஏற்பாடுகளாகும்.

பத்துப் பன்னிரண்டு நாள் விழாவாயினும், பெரிய ராட்டினத்தை நிறுத்துவதற்குப் பல நாள் உழைப்பு வேண்டியிருக்கிறது. லாரிகளிலிருந்து இறக்கிய உறுப்புகளை வரிசைப்படுத்தி, தரையைச் சமன் செய்து, இரும்புத் தாங்கிகளின் அடியில் கனத்த மரக்கட்டைகளை அடுக்கி மட்டம் பார்க்கின்றனர். இம்மட்டம் சிறிது பிசகினாலும் அச்சு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாதலால், அனுபவம் மிக்க மேஸ்திரியே அதனை நேரில் நின்று சரிபார்க்கிறார். இருபுறத் தூண்களின் உச்சியில் அச்சை ஏற்றியபின், ஆரக்கால்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, வெளிவட்டத்தை இணைத்து, இறுதியில் ஆட்கள் அமரும் பெட்டிகளைத் தொங்கவிடுகின்றனர். உயரத்தில் நின்று இவ்வேலையைச் செய்வோர் அனைவரிடமும் பாதுகாப்பு இடைவார் இருப்பதில்லை என்பதைத் திருவிழாவுக்கு முந்தைய நாள்களில் இத்திடல்களைக் கடந்து செல்லும் எவரும் காணலாம்.

ராட்டினம் ஓடத் தொடங்கிய பின்னரும் இயக்குபவரின் திறமை ஒரு நுட்பமான செயலில் அடங்கியிருக்கிறது. ஒரு பெட்டியில் ஆள் ஏறியவுடன் அடுத்த பெட்டியை நிரப்பாமல், வட்டத்தின் எதிர்ப்புறத்துப் பெட்டியைக் கீழே கொணர்ந்து நிரப்பி, எடை ஒரு பக்கமாகக் குவிந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வந்தவர்களுள் யார் கனத்தவர், யார் குழந்தை என்பதை நொடிப்பொழுதில் கணித்து இடம் ஒதுக்க வேண்டும். எடை சமனாக இருந்தால் சிறிய மோட்டார்கூட பெருஞ்சக்கரத்தை எளிதாகச் சுழற்றும். சமன் குலைந்தால் மோட்டாரும் பிரேக்கும் ஒருங்கே திணறும். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகப் பொருட்காட்சிக்காக ஜார்ஜ் பெரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரத்தில், பெட்டிக்கு 60 பேர் வீதம் 36 பெட்டிகளுடன் எழுப்பிய முதல் பெருஞ்சக்கரத்துக்கும் இருக்கன்குடித் திடலில் சுழலும் ராட்டினத்துக்கும் இவ்விதி பொதுவானது. இத்துணைப் பொறுப்பு வாய்ந்த பணியை மாலையிலிருந்து நள்ளிரவு கடந்தும் செய்கின்ற ஒருவர் பகலில் எங்கே உறங்குகிறார் என்பது அவருடைய சொந்த நலனைப் பற்றிய கேள்வி மட்டுமன்று; பெட்டியில் அமர்ந்திருக்கும் குழந்தையின் உயிரைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

அவர் உறங்குவது பெரும்பாலும் லாரியின் அடியிலோ, ராட்டின மேடையின் அடியிலோ, இரும்புக் குழாய்களின்மேல் தார்ப்பாய் போர்த்திய கொட்டகையிலோதான். பங்குனி, சித்திரை வெயிலில் தார்ப்பாயின் கீழ்ப் பகல் உறக்கம் எத்தகையது என்பதை இவ்வட்டாரத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. சமையல் முறைவைத்து நடக்கிறது. தண்ணீரைக் குடங்களில் சுமந்து வரவோ விலைகொடுத்து வாங்கவோ வேண்டியிருக்கிறது. கழிப்பறை அருகில் இல்லாதபோது வெளியிடமே கதியாகிறது. குடும்பத்துடன் வரும் பெண்கள் டெல்லி அப்பளம் பொரிப்பது, பொம்மைக் கடை பார்ப்பது, டிக்கெட் கிழிப்பது போன்ற வேலைகளைச் செய்துகொண்டே குழந்தைகளையும் வளர்க்கின்றனர்; குளிப்பதற்கு மறைவிடம் தேடி விடியுமுன் எழுவது அவர்களுக்கு அன்றாடத் துன்பம்.

இதே ஏற்பாட்டின் வேறொரு வடிவம் அமெரிக்காவில் நிலவுகிறது. சினிமாப் படப்பிடிப்புகளில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனைப் போன்ற, சமையலறையும் படுக்கையும் கழிப்பறையும் கொண்ட வண்டிகளில் ஆண்டு முழுவதும் வசிப்போர் அங்கு ஏராளமாக இருக்கின்றனர். அவர்களுள் பலர் பணி ஓய்வு பெற்ற முதியவர்கள். கோடைக்காலத்தில் மட்டும் ஆள் மிகுதியாகத் தேவைப்படும் கேளிக்கைப் பூங்காக்கள், எடுத்துக்காட்டாக ஐயோவா மாநிலத்து அட்வென்ச்சர்லேண்ட், இத்தகையோரைப் பருவத்துக்கு மட்டும் வேலைக்கு எடுத்து, வண்டியை நிறுத்துவதற்கான இடமும் அளிக்கின்றன. கேரவன் முகாம் எனப்படும் அவ்விடத்தில் மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகிய மூன்றும் பொதுவாக இருக்கும். சில இடங்களில் அவ்விடத்தின் வாடகையே ஊதியத்தின் ஒரு பகுதியாகவும் கணக்கிடப்படுகிறது. இவ்வாழ்க்கையை இன்பமயமானதாக எண்ணிவிடக் கூடாது: வீட்டுக் கடனும் போதாத ஓய்வூதியமும் துரத்த, முதுமையில் வண்டியேறியவர்களின் துயரத்தை ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டியது; அந்நூலைத் தழுவிய திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. எனினும், பூங்கா வேலைக்கு ஆள் எடுப்பவர் அந்த ஆள் தங்குவதற்கும் வழி சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் அங்கு ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றுவிட்டது. இங்கு அது இடம்பெறவில்லை.

இங்குள்ள ஒப்பந்தம் ஏலத்தில் தொடங்குகிறது. வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் அமைக்கும் உரிமைக்கான ஏலத்தொகை அண்மை ஆண்டுகளில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது. அத்தனை பெருந்தொகையைச் செலுத்தியவர் சில நாள்களுக்குள் அதை மீட்டாக வேண்டிய கட்டாயத்தில் இருப்பதால், சுமை இறுதியில் இரவு முழுவதும் ராட்டினத்தை ஓட்டும் தொழிலாளியின் தோளில் இறங்குகிறது. அனுமதி வழங்கும்போது காவல்துறை, தீயணைப்புத் துறை, பொதுப்பணித் துறை, மின் ஆய்வுத் துறை ஆகியவற்றின் சான்றுகள் கேட்கப்படுகின்றன. அவை யாவும் தேவையானவையே. 2016இல் சென்னைக்கு அருகிலுள்ள ஒரு பூங்காவில் சோதனை ஓட்டத்தின்போது நேர்ந்த விபத்தில் உயிரிழந்தவர் அப்பூங்காவின் ஊழியர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. ஆனால் தூணின் உறுதியையும் மின்கம்பியின் தரத்தையும் சோதிக்கும் இச்சான்றுகளுள், இயக்குபவர் உறங்கும் இடத்தைப் பற்றிக் கேட்பது எதுவுமில்லை.

சட்டத்துக்கு இத்தகைய அக்கறை புதிதன்று. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம், வெளிமாநிலத்திலிருந்து ஆள்களை அழைத்துவரும் ஒப்பந்ததாரர் தகுந்த தங்குமிடம் தர வேண்டும் என்று விதித்தது. அச்சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்றில் உள்ளடக்கப்பட்டுவிட்டது. கட்டுமானத் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நடக்கும் இடத்திலோ அருகிலோ சமையல், குளியல், துவைத்தல், கழிப்பறை வசதிகளுடன் கூடிய தற்காலிகக் குடியிருப்பை இலவசமாக அளிக்கும் கடமையை வேலை தருபவர்மேல் சுமத்தியது. நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையம் வட்டாரத்துக்கு விடுதிச் சட்டமும் அறிமுகமானதே: பெண்கள் தங்கும் விடுதிகள் பதிவு பெற வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2014இல் இயற்றிய சட்டம் கூறுகிறது. மூன்று மாடிக் கட்டடம் எழுப்புவோருக்குக் குடியிருப்பு உரிமை என்றால், அதே உயரத்துக்கு ராட்டினம் எழுப்பிப் பின் பிரித்துச் செல்வோருக்கும் அது உரிமையாக வேண்டும் என்பதே நியாயம்.

குழந்தைகளின் கல்வியிலும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆண்டின் எந்த மாதத்தில் வந்தாலும் குழந்தையை வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கப் பள்ளி மறுக்க இயலாது. ஆனால் பன்னிரண்டு நாள்களில் ஊர் மாறும் குடும்பத்துக்கு இவ்விதி முழுமையாகப் பயன்படுவதில்லையாதலால், பாட்டியிடம் சொந்த ஊரில் குழந்தையை விட்டுவருவதே பலருக்கு வழியாகிறது. உணவைப் பொறுத்தவரை, ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு இணைந்திருப்பதால், வெளிமாநிலத்துத் தொழிலாளியும் முகாமிட்ட ஊரிலேயே அரிசி பெற வழி உண்டு. இதை அவருக்குச் சொல்வோர்தாம் குறைவு.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, பங்குனி, சித்திரை விழாக்களுக்குக் கூட்டம் கூடுவது நின்றுபோயிற்று. சொந்த ஊருக்குத் திரும்ப வழியின்றித் திடலிலேயே தங்கிவிட்ட ராட்டினத் தொழிலாளர் உள்ளூர் மக்கள் அளித்த அரிசியையும் காய்கறியையும் நம்பி மாதங்களைக் கழிக்க நேர்ந்தது. ஊர் கைவிடவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு தொழிலின் பாதுகாப்பு ஊரார் இரக்கத்தை நம்பி நிற்பது தகாது.

செய்யப்பட வேண்டியது பெரிதுமன்று. கோயில் நிர்வாகமும் நகராட்சியும் ஊராட்சியும் ஏல நிபந்தனைகளில், தொழிலாளர் எண்ணிக்கைக்கேற்ற கழிப்பறை, மறைப்புடன் கூடிய குளியலிடம், குடிநீர்த் தொட்டி, மின்கம்பிகளிலிருந்தும் டீசல் ஜெனரேட்டரிலிருந்தும் விலகிய நிழற்கொட்டகை ஆகியவற்றுக்கென ஒரு பிரிவைச் சேர்த்து, அவற்றைக் கண்ட பின்னரே திடலைத் திறக்க அனுமதிக்கலாம். பக்தர்களுக்காக நடமாடும் கழிப்பறைகளை நிறுத்தும் ஆடிப்பூர ஏற்பாட்டிலேயே இரண்டை ராட்டினத் திடலுக்கு ஒதுக்குவது அடுத்த ஆடியிலேயே நடைபெறக்கூடியது. ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியும் திருக்கோயில் நிர்வாகமும் அதில் முதலடி வைக்க வேண்டும்.